காய்ச்சலுக்காகக் காத்திருந்த அற்புதமேரி அக்கா

அற்புதமேரி அக்கா காலமான செய்தி எனக்கு வந்தபோது மணி காலை ஆறே முக்கால். செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு, எங்கள் தெருவில் எந்த வீட்டு மருமகள் எதற்காகத் தனிக்குடித்தனம் போகிறாள் என்பதை நான்கு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. அக்காவின் கணவர் தேவநேசன்.

“சேகரு, உங்கக்கா போயிட்டாப்பா. டயாலிசிசுக்குக் கெளம்பணுமேன்னு எழுப்பறேன், எழுப்பறேன், எந்திரிக்கவே இல்ல.”

“சரி மாமா” என்றேன். இப்படி ஒரு செய்திக்கு “சரி” என்று பதில் சொன்ன முட்டாள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டீக்கடைக்காரர், “இன்னா சேகரு, பாதியில நிறுத்திட்ட? மாமியாக்காரி இன்னா சொன்னா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் ஒரு செய்தியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் யாரிடமும் சொல்லாமல் நான் இருந்தது அதுவே முதல் முறை. வாயைத் திறந்தால் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி அற்புதமேரி எங்கள் ஊர் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். சொந்த ஊர் சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் அவரைப் படிக்க வைத்தார்கள். நான் அதே லேப்பில் ரிப்போர்ட் அடிப்பவன். அக்கா எழுதிக் கொடுப்பார், நான் தட்டுவேன். செங்கல்பட்டில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது பெரிய அதிகாரிகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்தத் தகவல் வளத்தை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்துகளைப் பிறகு சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடி வெள்ளை அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொத்தான். கண் மேலே, விரல் கீழே, டிக் டிக் என்று சத்தம். பின்னாளில் இதையெல்லாம் நிமிடத்தில் செய்யும் இயந்திரம் வந்தது. அப்போதும் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை அக்கா ஒருமுறை கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார். “ஏன்க்கா, மெஷின்தான் எண்ணிடுச்சே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மெஷினு எத்தினி பேருன்னு எண்ணும். யாருன்னு பாக்காது. இங்க வா, இத்த பாரு.”

பார்த்தேன். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒன்று, மற்றவற்றைவிடப் பெரிதாக, விளிம்பெல்லாம் பாவாடை விரித்ததுபோலப் பரப்பிக்கொண்டு கிடந்தது.

“லிம்ஃபோசைட்டு. சும்மா கீறப்ப உருண்டையா, சின்னதா கெடப்பான். வைரஸப் பாத்துட்டான்னா இப்பிடிப் பெருத்துகினு கெளம்புவான். இவன் கெளம்பிட்டான், பாரு. இந்தப் பிள்ள பொழச்சுக்கும்.”

அந்தச் சில்லு யாருடையது என்று நான் கேட்டேன். அக்கா சொல்லவில்லை. அவருடைய வேலையில் பாதி, பார்ப்பது. மீதிப் பாதி, சொல்லாமல் இருப்பது. இரண்டாவது பாதியில் எனக்குப் பாஸ் மார்க் வாங்கவே பல வருடம் ஆயிற்று.

என் உயிரை அவர் காப்பாற்றிய கதையையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு முறை டெங்கு வந்து போயிருந்தது. அதைப் பெரிய படிப்பு முடித்ததுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் சட்டென்று விட்டுவிட்டது. காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதானே நம் வழக்கம்? என் மனைவி வேப்பிலை போட்டு ஓர் அண்டாத் தண்ணீர் காய்ச்சிவிட்டாள். அன்று மாலை மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டியாயிற்று. அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, உட்காரக்கூடச் செய்யாமல் என் கையில் ரப்பரைக் கட்டினார்.

“காச்சல்தான் வுட்டுடுச்சேக்கா. அதுவும் ஏற்கெனவே வந்து போனதுதான், உடம்புக்குப் பழக்கம்.”

“பழக்கம்தான்யா பேஜாரே. டெங்குல நாலு தினுசு கீது. போன தபா வந்தவன் வேற, இவன் அவன் ஜாடையில கீற இன்னொருத்தன். போன தபா அவனோட சண்ட போட்ட பழைய ஆளுங்க உன் ரத்தத்துல கல்யாண மண்டப வாசல்ல நிக்கறவங்க மாதிரி நின்னுகினு கீறாங்க. தெரிஞ்ச மூஞ்சியா கீதேன்னு கையப் புடிச்சு உள்ள இட்டுகினு போயிடுவாங்க. உள்ள போனப்புறம்தான் ரகள.” பிறகு என் மனைவியிடம் திரும்பி, “காச்சல் வுடற அன்னிக்குதாம்மா ரத்தக் குழாயில நீரு கசிய ஆரம்பிக்கும். தலைக்கு ஊத்தறதெல்லாம் அடுத்த வாரம் வச்சுக்க” என்றார்.

மதியத்துக்குள் நான் குளுக்கோஸ் பாட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன். தட்டணுக்கள் சரிந்து, ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருந்ததை மருத்துவருக்கு முன்பாகவே அக்கா கண்டுபிடித்துவிட்டார். வரவேற்புக்கு என் சட்டை மட்டும் போயிற்று, மைத்துனன் போட்டுக்கொண்டு.

இப்போது என் வெட்கத்துக்கு வருகிறேன். எங்கள் லேப்பில் வேலை செய்பவர்கள் தங்கள் ரத்தத்தைத் தாங்களே பரிசோதிக்கும்போது பெயர் போடாமல் வெறும் எண் போடுவது வழக்கம். ஒருநாள் அப்படி ஒரு தாள் வந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, ஏழு. அடித்து முடித்துவிட்டுத் தேநீர் நேரத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தேன்: “யாரோ ஒரு ஆளுக்கு ஏழு. அந்த ஆளு கத முடிஞ்சுது.”

அக்கா பன்னைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். “முடியலப்பா” என்றார். “அந்த ஆளு இங்கதான் பன்னு சாப்டுகினு கீறாங்க.”

நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. அக்காதான் எழுந்து வந்து என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து நோயாளிகளைப் பற்றி நான் வெளியே வாயைத் திறப்பதில்லை. மருமகள்களைப் பற்றி மட்டும்தான். இந்தக் கட்டுரையில் அக்காவின் நோயை எழுதுவதற்கும் தேவநேசன் மாமாவிடம் அனுமதி கேட்டேன். “எழுது. ஆனா தப்பில்லாம எழுது, இல்லன்னா எந்திரிச்சு வந்துடுவா” என்றார்.

மாமா சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டியவர். அக்காவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. மாமாவின் ரத்த வகை பொருந்தியது, மற்றச் சோதனைகளும் ஒத்துவந்தன. தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக அவர் சொன்னபோது அவருடைய அக்கா ரோஸி அம்மா வீட்டு வாசலில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. “ஊருல புருசனுக்குப் பொண்டாட்டி குடுப்பா, கேட்டுகீறேன். ஆம்பள குடுத்து எங்கனா பாத்துகீறியா? நாளைக்கு உனுக்கு ஒண்ணுன்னா யாரு குடுப்பா?” மாமா, “நீ குடு” என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ரோஸி அம்மா அற்புதமேரி அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எட்டு வருடம். மாதா கோயிலில் ஒரே வரிசையில் உட்கார்ந்தாலும் பேச்சில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பியபோது முகத்தில் மாஸ்க். ஊரெல்லாம் மாஸ்க் போடும் காலம் வருவதற்கு முந்தைய சங்கதி இது. காலை எட்டு, மாலை எட்டு, தவறாமல் மாத்திரை. ஏன் இத்தனை மாத்திரை என்று கேட்டேன்.

“மாமா வேனுல ஏறுறவங்க கழுத்துல அட்ட தொங்குதுல்ல, அந்த மாதிரி நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு அட்டைய வெளிய தொங்கவுட்டுகினு கீது. வைரஸு பூந்துட்டா அட்டையில வேற மாதிரி தெரியும். செக்யூரிட்டி பாத்துட்டு அந்த செல்லயே காலி பண்ணிடுவான். மாமாவோட கிட்னியில தொங்கறது வேற கம்பெனி அட்ட. எத்தினி வருசம் ஆனாலும் அவனுக்கு அது வெளியாளுதான். அதுக்குதான் மாத்திர. செக்யூரிட்டிய அரத் தூக்கத்துல வைக்கறேன். மாமாவ வுட்டுடுவான்.” மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “வைரஸையும் வுட்டுடுவான்.”

ஆகவே மைக்ரோஸ்கோப் மேசையைச் சுற்றித் தரையில் சிவப்பு நாடா ஒட்டினார். தும்மல், இருமல், மூக்கொழுகல் உள்ள எவரும் அதைத் தாண்டக் கூடாது. எனக்கு வருடத்தில் பாதி நாள் மூக்கொழுகல். நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி ஊர் வம்பை உரக்கச் சொல்வேன். காத்திருக்கும் நோயாளிகள் அத்தனை பேரும் கேட்பார்கள். ஒருமுறை சம்பந்தப்பட்ட மருமகளே ரத்தம் எடுத்த கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா மாஸ்க்குக்குள் சிரித்து அடங்க வெகு நேரம் ஆயிற்று.

ஆறு வருடம் அப்படி ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குக் களைப்பு. லேசான இருமல். தெர்மாமீட்டர் வைத்தால் சாதாரணம். “காச்சல் இல்லியே, ஒண்ணும் இருக்காது” என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். அக்கா தன் விரலைத் தானே குத்தி, சில்லில் தேய்த்து, வெகு நேரம் பார்த்தார்.

“ஒருத்தனும் கெளம்பல சேகரு” என்றார். “காச்சல வைரஸு குடுக்கறது இல்ல. நம்ம உடம்பு சண்ட போடறதுக்கு மூட்டற அடுப்பு அது. எனக்கு அடுப்பே பத்தல.”

மறுநாள் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நமக்கெல்லாம் நாலு நாள் சளியோடு போகும் வைரஸ் அக்காவின் நுரையீரலில் இறங்கி சாவகாசமாக வளர்ந்துகொண்டிருந்தது. மருந்து கொடுத்தும் மூச்சுத் திணறல் குறையவில்லை. நான் கஞ்சி பிளாஸ்க்கோடு போயிருந்த நேரத்தில் மருத்துவர் வந்து மாமாவையும் அக்காவையும் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். எட்டு மணி மாத்திரைகளைக் குறைத்தால் உடம்பு விழித்துக்கொண்டு வைரஸை எதிர்க்கும். ஆனால் சிறுநீரகத்தையும் எதிர்க்கலாம், அதை இழக்க நேரலாம். குறைக்காவிட்டால் நுரையீரல் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் முடிவு சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அக்கா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். “கொறைக்க வேணாம்.”

“இன்னா கொறைக்க வேணாம்?” என்றார் மாமா.

“அது உன்னுது. உங்கக்காகிட்ட அவ்ளோ பேச்சு வாங்கிக்கினு குடுத்த. அத்த வீணாக்க எனக்கு உரிம இல்ல.”

“குடுத்தத திருப்பிக் கேட்டனா நானு? நீ இல்லாம அத்த வச்சுகினு நான் இன்னா பண்றது, ஷோகேஸ்ல வைக்கறதா?”

“திருப்பி டயாலிசிசு… வாரத்துக்கு மூணு நாளு… உனக்குதான் கஷ்டம்.”

“வேனுதானே ஓட்டறேன். ஊரான ஏத்திகினு போறவனுக்கு உன்ன ஏத்திகினு போறது கஷ்டமா?”

சூழ்நிலையை இலகுவாக்கும் பொறுப்பு எனக்கு இருப்பதாக நினைத்து ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் பிளாஸ்க்கை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். மாமா குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா தலையை மட்டும் அசைத்தார்.

மாத்திரைகளைக் குறைத்தார்கள். அதன் பிறகு அந்தக் குடும்பம் காத்திருந்தது காய்ச்சலுக்காக. மாமா மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பார்ப்பார். தொண்ணூற்றெட்டு. மறுபடி தொண்ணூற்றெட்டு. நல்ல எண்ணைப் பார்த்து ஒரு மனிதர் அப்படி முகம் சுருங்கி நான் கண்டதில்லை. நான்காம் நாள் மாலை போன் வந்தது. “சேகரு! நூத்தி ரெண்டு! காச்சல் வந்துடுச்சுப்பா, நூத்தி ரெண்டு!” அந்தக் குரலைக் கேட்டு என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருக்குக் கொழந்த பொறந்துது?” என்று கேட்டாள். “அக்காவுக்குக் காய்ச்சல்” என்றேன்.

அக்காவின் பிடிவாதத்தால் ஒரு துளி ரத்தம் எங்கள் லேப்புக்கு வந்தது. சில்லைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனேன். அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஊதா நிறத்தில், விளிம்பை விரித்துக்கொண்டு, ஒன்று.

“கெளம்பிட்டான்” என்றார். முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு கை தானாக அடிவயிற்றின் வலது பக்கம் போயிற்று. மாமாவின் சிறுநீரகத்தை வைத்த இடம். “இனிமே இத்தயும் பாத்துடுவான்.”

நுரையீரல் தெளிந்தது. வீடு திரும்பினார், வேலைக்கும் வந்தார். அடுத்த வாரங்களில் கிரியாட்டினின் ஒவ்வொரு படியாக ஏறியது. அந்த ரிப்போர்ட்டுகளை அடித்தவன் நான்தான். ஒரு வாரம் என் விரல் நான்கு என்று வந்ததை இரண்டு என்று அடித்தது. தெரிந்தே அடித்தேனா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போடக் குனிந்த அக்கா அதைப் பார்த்தார். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். “எனக்கே பொய் ரிப்போர்ட்டாய்யா? திருப்பி அடி.” அடித்தேன். அக்கா கையெழுத்துப் போட்டார்.

சிறுநீரகம் செயலிழந்தது. வைரஸை விரட்டியது எதுவோ அதுவேதான் அதையும் முடித்தது. வெட்டி எடுக்கத் தேவையில்லை, தொந்தரவு இல்லாதவரை உள்ளேயே இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது அக்காவுக்கு அப்படியொரு நிம்மதி. லேப்புக்கு வந்து, “வேல செய்யலன்னாலும் கெடக்கட்டும். வேல செய்யாதவங்கள எல்லாம் வெளிய தொரத்த ஆரம்பிச்சா…” என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். லேப்பே சிரித்தது. மாத்திரைகளும் மெல்ல நின்றன. ஒருநாள் மதியம் முழங்காலிட்டு, தரையிலிருந்த சிவப்பு நாடாவை நகத்தால் சுரண்டி எடுத்தார். “இனிமே கிட்ட வந்து சொல்லு. மெதுவா சொல்லு, எல்லாருக்கும் கேக்குது.”

இரண்டு வருடம். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், மாமாவின் வேனில். மற்ற நாட்கள் மைக்ரோஸ்கோப். ஒரு நாளாவது இப்படி ஆகிவிட்டதே என்று புலம்பியதில்லை என்று எழுத ஆசை. அது பொய். புலம்பினார். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியவில்லையே என்று ஒருமுறை சின்னப் பிள்ளைபோல அழுதார். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த சில்லை எடுத்தார். கடைசியில் இதயம் களைத்துவிட்டது என்றார்கள்.

சதுரங்கப்பட்டினத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் சொந்த ஊர் வீட்டுக்கு முன் பந்தலில் பெட்டி திறந்திருந்தது. கடல் காற்றில் ஷாமியானா படபடத்துக்கொண்டிருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் சட்டென்று ஒதுங்கியது. ரோஸி அம்மா வந்துகொண்டிருந்தார். ஏதாவது கத்திவிடுவாரோ என்று எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எட்டு வருடமாகப் பேசாத முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

“எந்தப் பக்கம்டா?”

மாமாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “வலது பக்கம்க்கா. கீழ.”

ரோஸி அம்மா குனிந்து, புடவைக்கு மேலே அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பெட்டியை மூட ஆட்கள் வந்து நின்றார்கள். காத்திருந்தார்கள். “எந் தம்பி துண்டும் உன்கூடதான் வருது” என்றார் அவர், பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும் குரலில். “பத்திரமா இட்டுகினு போ, அற்புதம்.”

அதற்கு மேல் சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பத்திரமாகப் போய்ச் சேருங்கள், அக்கா.